பிக்கப் வண்டிகளில் கூடுதல் விளக்குப் பொருத்துவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கூடுதல் விளக்குக் கேட்டு எங்கள் கடைக்கு வரும் பிக்கப் வண்டிகள் அதிகமாகிவிடுகின்றன. கோத்தகிரி, கேத்தி, குன்னூர்ப் பக்கமிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குபவர்களுக்கு, மலைப்பாதை வளைவுகளில் மூடுபனி இறங்கினால் சாலை எப்படி மறையும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. விளக்குக் கேட்பது நியாயமான தேவைதான். ஆனால், வேறு இடங்களில் அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் வேலைக்கு நீங்கள் ஏன் அரைநாள் எடுத்துக்கொள்கிறீர்கள், கூலியும் பொருளும் ஏன் கூடுதலாகிறது என்று பலரும் கேட்பதால், அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

அரைமணி நேர வேலை என்பது பெரும்பாலும் ஹெட்லைட் வயரைச் சீவி, அதிலேயே புது விளக்கின் வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவதுதான். வண்டியில் கம்பெனி போட்டிருக்கும் ஹெச்4 பல்பு ஹைபீமில், அதாவது தூர வெளிச்சத்தில், 60 வாட். அதாவது 12 வோல்ட்டில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10 ஆம்பியர். அந்த வயரும் ஸ்விட்சும் ஃபியூஸும் அந்தக் கணக்குக்குத்தான் வைக்கப்பட்டவை. அதே தடத்தில் 55 வாட் விளக்கு இரண்டை மாட்டினால் இன்னும் 9 ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. வயர் சூடாவது ஒருபுறமிருக்க, வழியிலேயே வோல்ட்டேஜும் இறங்கிவிடுகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். புது விளக்குப் போட்டும் பாதை தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லி வருபவர்களின் வண்டியில், கூடுதல் விளக்கோடு பழைய ஹெட்லைட்டும் மங்கிப்போயிருப்பதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹோல்டரைக் கழற்றினால், வெள்ளை பிளாஸ்டிக் காப்பி நிறமாகி, பின் நுழையும் துளை இளகி அகன்றிருக்கும். டேப்பைப் பிரித்தால் பசை கையில் ஒட்டும். உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மழையில் ஓடும் வண்டிக்கு வெறும் டேப் காப்பாகாது.

ஆகவே எங்கள் கடையில் ஹெட்லைட் வயரிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்கென்றே தனி லைன் இழுக்கிறோம். 55 வாட் ஜோடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போடுகிறோம். அந்த ஃபியூஸ் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபியூஸ் காப்பது பல்பை அன்று, வயரை. ஏரி மதகு போலத்தான் இது; மதகு ஏரிக்கரையில்தான் இருக்கவேண்டும். வயலோரம் மதகு வைத்தால் இடையில் வாய்க்கால் உடைந்தபின் அதை அடைத்துப் பயனில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் நடுவே வயர் உரசி பாடியில் பட்டுவிட்டால் தடுக்க எதுவும் இராது. பேட்டரியின் முழு வேகமும் அந்த வயரில் பாய்ந்து தீப்பிடிக்கும். இதே காரணத்தால், ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 15 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் 30 ஆம்பியர் போடுவதும் ஏறக்குறைய அதே தவறுதான்.

விளக்கை எரியவிடுவது ரிலே; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. அதில் 30 என்ற காலுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு விளக்கு, 86க்கு ஸ்விட்ச், 85க்கு எர்த், அதாவது வண்டியின் பாடி வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஸ்விட்ச் வழியே ஓடுவது ரிலேயை இழுக்கும் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) வேண்டிய கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் மட்டுமே என்பதால் ஸ்விட்ச் சூடாவதில்லை. தூர வெளிச்சத்துக்கான விளக்காக இருந்தால், ஹைபீம் எரியும்போது மட்டும் ரிலே இழுக்குமாறு அமைக்கிறோம். எதிரே வண்டி வரும்போது நீங்கள் டிம் செய்தவுடன் கூடுதல் விளக்கும் தானாக அணைந்துவிடும். மலைப்பாதையில் இரண்டு ஸ்விட்சைத் தேட ஓட்டுநருக்கு நேரமில்லை.

எர்த் விஷயத்தில்தான் பலரும் கவனக்குறைவாக இருக்கிறார்கள். பெயின்ட்டின் மேல் போல்ட்டை முடுக்கினால் எர்த் கிடைத்ததாக ஆகாது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வயர் முனையில் லக் என்ற உலோக வளையம் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசுகிறோம். அதன்பின் விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்து, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மீண்டும் கழற்றிச் செய்கிறோம். வயர் தகடு வழியே நுழையும் இடங்களில் வயர் உரசாமலிருக்க ரப்பர் வளையம் (குரோமெட்), எஞ்சின் பக்கம் நெளிகுழாய், பாதை முழுக்க வயரைக் கட்டும் டை. நேரம் பெரும்பாலும் இதில்தான் போகிறது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது ஒரு மின்னணுப் பெட்டி. வயரைச் சீவிக் கூடுதல் சுமை ஏற்றினால் அது விளக்கை அணைத்துவிடலாம், பெட்டியே பழுதாகவும் கூடும். வாரன்டி மறுக்கப்படுவதற்கும் அது வழிசெய்யும்.

எந்த விளக்கு என்பதிலும் சில சொல்லவேண்டும். பனிக்கு வேண்டியது தூரம் அடிக்கும் விளக்கன்று. தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகலமாகப் பரவி, மேற்பக்கம் வெட்டினாற்போல் நிற்கும் ஒளி; அதைத் தருவது ஃபாக் லைட். கூரைமேல் வைக்கும் எல்இடி பாரின் (நீள விளக்கின்) ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்; எதிரே ஏறிவரும் ஓட்டுநரை ஒரு நொடி குருடாக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, முன்விளக்கின் ஒளி எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கியே இருக்கவேண்டும் என்கின்றன. அவற்றின் 111ஆம் விதி முன்புறம் ஸ்பாட் லைட் பொருத்துவதையும் கட்டுப்படுத்துகிறது. விளக்கு மாட்டுவதற்காக பம்பருக்கு முன் கிராஷ் கார்டு என்ற இரும்புத் தடுப்பு வைப்பதும் வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஸ்பாட் லைட்டையும் கிராஷ் கார்டையும் யார் கேட்டாலும் நாங்கள் செய்து தருவதில்லை.

பாரம் ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் தூக்கும். வெறும் வண்டியில் சரியாக வைத்த ஒளி, பாரத்தோடு மரக்கிளையைக் காட்டும். ஹெட்லைட்டை இறக்கச் சில வண்டிகளில் திருகு உண்டு. நாம் மாட்டும் விளக்குக்கு அது கிடையாது. ஆகவே வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, 5 மீட்டரில் உள்ள சுவரில் ஃபாக் லைட் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மட்டத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு வைக்கிறோம்.

பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் வெளிச்சத்துக்கு 18 வாட் எல்இடி ஒன்று போதும். அது ஒன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். அதற்குப் பதில் 55 வாட் ஹாலஜன் ஜோடியை எஞ்சின் அணைத்து இரண்டு மணி நேரம் எரியவிட்டால் பேட்டரியின் சேமிப்பில் 18 ஆம்பியர்-அவர் போய்விடும்; பழைய பேட்டரியாக இருந்தால் குளிரில் வண்டி கிளம்பாது.

வேலைக்கு வருபவர்கள் காலையிலேயே வண்டியை விடவும். விளக்கை வெளியில் வாங்குவதாயின், வாங்குமுன் அதன் வாட்டையும் படத்தையும் எங்களுக்குக் காட்டவும். ஏற்கெனவே ஹெட்லைட் வயரில் இணைத்து ஓடும் வண்டிகளைக் கொண்டுவந்தால், ஹோல்டரைக் கழற்றிப் பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையினர்,
மேட்டுப்பாளையம்