டெங்குவுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனையா? கொஞ்சம் பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்கு யாருக்கு முற்றும், யாருக்கு முற்றாது என்பதை ரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்தே சொல்லிவிடலாம் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மறுநாள் காலையிலேயே ஒருவர் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த டெஸ்ட் இங்க எடுப்பியளா, எவ்வளவு ஆவும்?" என்று வந்து நின்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையின் அடிப்படையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான். மீதியிலிருந்தும் ஏகப்பட்ட ஆர்.என்.ஏ. உருவாகி, புரதமாக மாறாமலேயே வேலை பார்க்கிறது. அதில் சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டிகள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கொடுத்தார்கள். வைரஸ் உள்ளே வந்ததும் இவற்றில் சில ஏறும், சில இறங்கும், நோய் எதிர்ப்பு எவ்வளவு வேகமாகப் போகவேண்டும் என்பதில் இவற்றுக்கும் பங்குண்டு. சரி.

ஆனால் இவை எல்லாமே நம் பக்கம் நின்று சண்டை போடுகிற மாதிரி எழுதியிருந்தீர்களே, அது பாதிதான் உண்மை. நம் ஈரலில் மிர்-122 என்று ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏராளமாக இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் அதைத் தன் ஆர்.என்.ஏ.வின் முன்பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, அதன் தயவில்தான் பெருகுகிறது. 2005இல் வெளிவந்த சேதி இது. அந்த மிர்-122ஐ முடக்க மிராவிர்சென் என்று ஒரு ஊசி மருந்து செய்து, 2013இல் நோயாளிகளிடம் வைரஸ் குறைந்ததையும் காட்டினார்கள், அப்புறம் வைரஸையே நேராகத் தாக்கும் மாத்திரைகள் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன.

டெங்கு இன்னும் ஒரு படி மேலே. வைரஸின் ஆர்.என்.ஏ.வை அழிக்க நம் செல்லில் உள்ள எக்ஸ்ஆர்என்-1 என்ற நொதி முன்னாலிருந்து மென்றுகொண்டே வரும். வால்பகுதியில் ஆர்.என்.ஏ. முடிச்சுப் போட்டு மடிந்திருக்கும் இடத்தில் அது நின்றுவிடும், பனங்கிழங்கை மென்றபின் வாயில் நார் மட்டும் மிஞ்சுகிற மாதிரி அந்த வால் மிஞ்சும். மிஞ்சியதும் சும்மா கிடப்பதில்லை. 1994இல் போர்ட்டோ ரிக்கோவில் பரவிய ஒருவகை டெங்கு-2 வைரஸ் இந்த வாலை அதிகமாக உண்டாக்கியதாம். அது டிரிம்-25 என்ற நம் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கச் சொல்லும் எச்சரிக்கையையே மழுக்கிவிட்டது என்று 2015இல் ஆய்வு வந்தது. நாம் அழிக்கப்போய் மிஞ்சிய துண்டே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்!

இப்போது சோதனைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களக்காடு, பாபநாசம் பக்கமிருந்தெல்லாம் காலையில் எடுத்த ரத்தம் எங்களுக்கு பஸ்ஸில் மதியம்தான் வந்து சேரும். குலுங்கி வந்த குழாயைச் சுழற்றினால் மேலே வெளிர்மஞ்சளாக நிற்கவேண்டிய சீரம் சில சமயம் ரோஸ் கலரில் நிற்கும், சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இரண்டும் மண்டிக்கிடக்கின்றன, உடைந்தால் எல்லாம் சீரத்தில் கொட்டிவிடும். இயந்திரம் 'ஏறியிருக்கிறது' என்று காட்டும், ஏற்றியது வைரஸா பஸ்ஸா என்று யார் சொல்வது? இதைவிடப் பெரிய சிக்கல், ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் கணிசமான பங்கு தட்டணுக்களிடமிருந்தே (பிளேட்லெட்) வருகிறது, மிர்-223 அப்படிப்பட்டது. டெங்குவில் தட்டணு எப்படியும் குறையும். அப்படியானால் அது இறங்குவதைப் பார்த்து நாம் புதிதாக என்ன தெரிந்துகொண்டோம்? தட்டணு எண்ணிக்கையையே சுற்றுவழியில், பல மடங்கு காசு கொடுத்து எண்ணியதாகவும் இருக்கலாம்.

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, நடக்கட்டும். ஆனால் 'முழு உடல் பேக்கேஜ்' விற்கிறவர்கள் கையில் இந்தப் பெயர் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை, அதற்குப்பின் நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா, கூடவே தட்டணு எண்ணிக்கையும், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்று காட்டும் பி.சி.வி.யும் போதும். தட்டணு சரியும்போது பி.சி.வி. ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று டாக்டர் உஷாராகிவிடுவார். காய்ச்சல் விட்டபிறகு தாங்கமுடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்தக் கடைசி நாலு வரியை மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி அடுத்த கட்டுரை எழுதும்போது, ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரத்தில் சுழற்றினார்கள், தட்டணுவை முழுசாகப் பிரித்தார்களா என்ற இரண்டு கேள்வியையும் அந்த ஆய்வாளர்களிடம் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பரிசோதனை நிலைய ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை