தகட்டுக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே விமானம் கட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையில் இன்ஜினுக்கு அரைப் பக்கம், தகடு வேலைக்கு ஒரே வரி. 3 வருடமாகத் தகட்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டமான ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 0.8 மி.மீ. கனமுள்ள 2024-டி3 என்ற ரக அலுமினியக் கலவைத் தகட்டை இரண்டு மர அச்சுகளுக்கு நடுவே இறுக்கி, வெளியே நீட்டும் ஓரத்தை நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி மடக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் போச்சு. வளைவில் மிஞ்சும் உலோகம் போக இடமில்லாமல் ரிப்பையே வில் மாதிரி கோணலாக்கிவிடும். ரிவெட் ஆணித் துளைகளுக்கு இடையே இடுக்கியால் சின்னச் சின்ன நெளிவு கொடுத்தால் அப்புறம் நிமிர்ந்துகொள்ளும்.

என் முதல் ரிப் விரிசல் விட்டது. மடிப்புக் கோட்டை ஊசியால் கீறியிருந்தேன், அதுதான் காரணம்! இப்போது மார்க்கர் பேனாதான். ஓரத்தையும் அரம் போட்டு, விரல் ஓட்டிப் பார்த்த பிறகே மடக்குகிறேன். சூடாக்கி வளைக்கலாமே என்கிறார்கள். வளையும், சரி, வலிமை போய்விடும்.

அடுத்த முறை ஒரு மர அச்சின் படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பாதி விமானத்தின் சொந்தக்காரன்