ஒயரைக் கேலி செய்யும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், போனில் எஃப்.எம். கேட்க இன்னமும் இயர்போன் ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைபவர்களைக் கிண்டலடித்து ஒரு வரி வந்திருந்தது. ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆப்பில் கேளுங்கள், தெளிவாகக் கேட்கும் என்று யோசனை வேறு. எழுதிய தம்பிக்கு நன்றி. வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரத்தில் டவர் எப்படிக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தாங்கள் பார்த்து அனுப்பிய பக்கம்தானே அது?

இங்கே பேசுவதற்கே வீட்டை விட்டு வெளியே வந்து குளத்து மேட்டில் நிற்க வேண்டும். ஆப்பில் பாட்டுப் போட்டால் ஒரு வரி பாடும், அப்புறம் வட்டம் சுற்றும். போகட்டும், டவர் நன்றாகக் கிடைக்கிற ஊரிலும் அதற்கு டேட்டா தீரும். எஃப்.எம்.முக்கு ஒரு பைசா கிடையாது.

அந்த ஒயர் காதுக்குப் பாட்டு கொண்டுவர மட்டும் இருப்பதல்ல, போனுக்கு ஏரியலே அதுதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்குக் காரைக்கால் வானொலி 100.3இல் வருகிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அந்த அளவுக்காவது கம்பி நீட்டிக்கொண்டிருந்தால்தான் அலையை ஒழுங்காகப் பிடிக்கும். இயர்போன் ஒயர் அதைவிடச் சற்று நீளமாகவே இருக்கிறது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துவிட்டுக் கரகரவென்கிறது என்றால் யார் குற்றம்? நான் ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டு ஒயரை முழுதாக இறக்கிவிடுவேன். காதில் மாட்டுவதே இல்லை, ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன், திண்ணை வரை கேட்கும். சார்ஜரில் போட்டுக்கொண்டே கேட்டால் இரைச்சல் வரும், பிடுங்கிவிட வேண்டும். மலிவு விலை எல்இடி பல்பும் அதே வேலையைச் செய்யும். தகரக் கூரைக்கு அடியில் எதுவும் எடுபடாது, வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஒரு காது கேட்காமல் போன இயர்போனை எங்கள் வீட்டில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. போனில் செருகும் முனையில் ஒயர் அறுந்தால்தான் போச்சு. அந்தப் பக்கத்தில் இதில் ஒரு வரியாவது வந்திருந்தால் யாருக்காவது பிரயோஜனப்பட்டிருக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைமேல் ஏறிப் போனதைத் தங்கள் இதழும் அட்டைப் படத்தோடு எழுதியது. விழுந்த தென்னையை எல்லாம் படம் பிடித்தீர்கள், நல்லது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. டவர்கள் செத்துக் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் போன்களுக்குத் துண்டுச் சீட்டு ஒட்டி வரிசையில் வைத்து, காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சார்ஜில் யாருக்கும் போன் பேச முடியவில்லை, ரேடியோ மட்டும் கேட்டது. ராத்திரியில் கடல் தாண்டி இலங்கை நிலையங்கள் நன்றாகவே வந்தன. எங்கள் வட்டத்தில் நடந்ததை அக்கரைக்காரர்கள் சொல்லி நாங்கள் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு எந்த ஆப் பேசியது என்று அந்தத் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பேரிடர் நேரத்தில் உதவும் என்றுதான், போனில் இருக்கிற எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள், இல்லாததில் சேர்த்துக் கொடுங்கள் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அந்தச் செய்தி தங்கள் இதழில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மடக்கும் போனைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது ஞாபகம் இருக்கிறது. அறிவுரை அறிவுரையாகவே நின்றுவிட்டது போலிருக்கிறது. போன வருஷம் பேரன் வாங்கிக் கொடுத்த போனில் இயர்போன் செருகத் துளையே இல்லை. கடைக்குக் கொண்டுபோய் ரேடியோ எங்கே என்று கேட்டால், கவுண்டரில் இருந்த பையன் பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறான். ப்ளூடூத்தில் கேளுங்கள் தாத்தா என்கிறான். ப்ளூடூத் காதுக்குத்தானப்பா பாட்டு கொண்டுவரும், வானத்திலிருந்து போனுக்கு எது கொண்டுவரும் என்றேன். அதற்குப் பதில் இல்லை. பழைய போனையே ரேடியோவுக்கு வைத்துக்கொண்டேன்.

சொல்லத் தொடங்கிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் தங்கள் இதழில் வானொலி நிகழ்ச்சி நிரல் வரும். திருச்சி 936இல் எத்தனை மணிக்கு என்ன என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அந்த வாரமே நகரும். இடப் பற்றாக்குறை என்று அதை எடுத்தீர்கள். அந்த இடத்தில் இப்போது கறுப்புக் கட்டமாக ஒன்று அச்சாகிறது, ஸ்கேன் செய்தால் மீதிக் கட்டுரை வருமாம். மீதியை அச்சடிக்கத்தானே விலையை ஏற்றினீர்கள் என்று நினைத்திருந்தேன். வாசகர் கடிதம் ஒரு முழுப் பக்கமாக இருந்தது, இன்று நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே அரைப் பக்கம். இதைப் பற்றி முன்பே எழுதினேன், வரவில்லை. இடம் இருந்திருக்காது.

அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஒயரை முழுதாக நீட்டுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், ஜன்னலோரம் வையுங்கள் என்று அடுத்த இதழில் மூன்று வரி போட்டால் போதும். கூடவே காரைக்காலின் 100.3 எண்ணையும் போடுங்கள், ஐப்பசி கார்த்திகை வருவதற்குள். அதற்கும் இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் ராசி மீனம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்