பையைத் தைத்துக் கொடுத்த பாட்டிக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

காரைக்கால் அண்ணனை நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலில் கட்டு, கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல், வாயில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. படி ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கயிறையெல்லாம் நிழலில்தானே காய வச்சீங்க?" அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. எட்டு நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. அது அடங்கியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேன்யனிங் போன இடத்தில் (கயிறு கட்டி ஆற்றுப் பள்ளங்களுக்குள் இறங்குவதுதான் அது) அண்ணனின் கணுக்கால் போன கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. கோயில் வாசலிலும் சேன்-பியேர் சந்தையிலும் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன்: அண்ணன் விழவில்லை, வழுக்கினார். விழுந்ததாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே போன எங்கள் நாலு பேரைத் தவிர (அண்ணன், யாழ்ப்பாணத்துத் தம்பி, தங்கச்சி, நான்) அவரை யாருக்கும் தெரியாது. தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே இன்னும் தெரியாது.

அதற்கு அந்த மண்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "நாலு பேர் மணல் மூட்டையில் தொங்கினார்களாமே" என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்து. இது நம் ரீயூனியன் தீவின் பழக்கம் இல்லை. இங்கே எல்லாம் எரிமலைக் கல். கேன்யனிங் போகிற இடங்களில் கயிறு கட்டுவதற்குப் பாறையில் துளை போட்டு போல்ட் அடித்துச் சங்கிலி மாட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்குப் போனபோது இந்தப் பையைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே மணற்கல். தண்ணீர் அறுத்து அறுத்து, இரண்டு தோளும் இடிக்கிற அளவுக்குச் சந்து சந்தாகப் பள்ளங்கள். கல் மென்மையானது, கயிறை இழுத்தால் பாறையிலேயே தடம் விழுந்துவிடும். போல்ட் அடித்தால் அந்த வடு போகாது. கட்டுவதற்கு மரமும் இருக்காது. அதனால் தடித்த துணி ஒன்றை விரித்து, அங்கேயே கிடக்கிற மண்ணை அதில் அள்ளிக் கொட்டி, விளிம்பிலிருந்து தள்ளி வைத்து, அதன் கனத்தையும் தரையோடு அது உரசுகிற பிடிப்பையும் நம்பி இறங்குகிறார்கள். துணியின் பின் விளிம்பில் ஒரு மெல்லிய கயிறு இருக்கும். கடைசி ஆள் கீழே போனபிறகு அதை இழுத்தால் பை குப்புறப் புரண்டு மண் கொட்டிவிடும், வெறும் துணி கீழே வந்து சேரும். மேலே ஒரு சுவடும் மிஞ்சாது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லாம் அந்தத் துணியையும் அதில் வார்ப்பட்டை தைத்திருக்கும் இடத்தையும் பொறுத்தது.

நாங்கள் கொண்டு போனது, ஏதாவது ஒரு இடத்தில் போல்ட் இல்லாமல் போனால் உதவட்டும் என்றுதான். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்துப் புயல். வெள்ளத்தில் உருண்ட பாறைகள் போல்ட்டையும் சங்கிலியையும் அடித்துக்கொண்டு போன இடங்கள் உண்டு என்று தெரியும். துளைபோடும் கருவியும் எடுத்துப் போயிருக்க வேண்டும், எடுக்கவில்லை. கனம் என்று சொல்லி வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் நான்தான். இதை யார்மேலும் போட முடியாது.

சனிக்கிழமை மத்தியானம், மலைமேல் இருக்கிற சிலாவோஸ் ஊரில் ஆற்றுப் படுகையில் ஒத்திகை பார்த்தோம். சரளை நிரப்பி, ஏறி உட்கார்ந்து, இழுத்து, கொட்டி. மூன்றாவது தடவை ஒரு கல் முனையில் மாட்டிப் பட்டென்று சத்தம். இடது பக்கம் வார் துணியோடு சேருகிற இடத்தில் தையல் ஒரு சாண் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நானூறு வளைவு என்று பெயர் வாங்கிய மலைப்பாதையில் திரும்ப இறங்கி நூல் தேட யாருக்கும் தெம்பில்லை. "போல்ட் இருக்கும், பை தேவைப்படாது" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ராத்திரி, தங்கின வீட்டுத் திண்ணை விளக்கில் பையை விரித்துப் போட்டு, தங்கச்சி தன் கைப்பையில் இருந்த பொத்தான் தைக்கிற ஊசியோடு போராடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். நம் தீவில் குளிர்காலமான ஆடி மாசத்துக்குக் கம்பளிச் சட்டை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, தங்கச்சி கையிலிருந்த ஊசியை ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்தார். அந்த ஊசியின்மேல் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

"இது என்ன, பிள்ளை போடுகிற தொட்டிலா?" என்றார் தீவு மொழியான கிரியோலில். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தால் தூளி மாதிரித்தான் இருக்கும். தங்கச்சி விளக்கினாள். அவள் சேன்-ஆந்த்ரேயில் பிறந்தவள், தமிழைக் கோயில் வகுப்பில் படித்தாலும் கிரியோல்தான் அவளுக்குத் தாய்மொழி. "இதில் கல்லைப் போட்டு, இதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இறங்குவோம்."

பாட்டி நிமிர்ந்து எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "எந்தப் பக்கம் இழுக்கும்?"

அந்தக் கேள்வியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒத்திகை பார்த்த நாங்கள் நாலு பேரும் அதைக் கேட்கவில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்றுதான் பார்த்தோம்.

காட்டினோம். வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். கோணி ஊசி, தேன்மெழுகுத் துண்டு, செருப்புத் தைக்கிற நூல், விரலில் மாட்டுகிற சின்ன இரும்புக் குப்பி. நூலை மெழுகில் மூன்று தடவை இழுத்தார். கிழிந்த பக்கத்தைக் கெட்டித் தையலாகப் போட்டார், இரண்டு வரிசை. அரை மணி நேரம். முடிந்தது என்று நினைத்து நாங்கள் எழுந்தோம். அவரோ ஒரு சின்னக் கத்தரியை எடுத்து, கிழியாமல் நன்றாக இருந்த வலது பக்கத்துத் தையலை வெட்டத் தொடங்கினார்.

தம்பி பதறிப்போய்விட்டான். "பாட்டி, அது நல்லாத்தானே இருக்கு!"

பாட்டி நிமிராமலே சொன்னார். "ஒரு பக்கம் புதுசாத் தைச்சா, அடுத்தது மறுபக்கம்தான் போகும். ரெண்டும் ஒரே வயசா இருக்கணும்."

அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

தைத்துக்கொண்டே தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறி வந்தவர். அவரும் பிறந்தது சேன்-ஆந்த்ரேதான், மலபார் குடும்பம், அதாவது அந்தக் காலத்தில் இங்கே வந்த தமிழர்களின் வழி. தமிழ் தெரியாது. கோயிலில் பாடுவதற்கு அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்த இரண்டு பாட்டு உண்டு. சிலாவோசுக்கு வந்த பிறகு இங்கத்துப் பெண்களோடு சேர்ந்து எம்பிராய்டரி கற்றுக்கொண்டாராம். சிலாவோஸ் எம்பிராய்டரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியின் இழைகளை எண்ணி எண்ணி உருவி எடுத்துவிட்டு, மிச்ச இழைகளை ஊசியால் சேர்த்துப் பிடித்துப் பூப்பூவாகக் கொண்டுவருவது. அதற்கு 'ழூர்' என்று பெயர். பிரெஞ்சில் பகல், வெளிச்சம். அதாவது வெளிச்சம் புகுந்து வருவதற்காகவே துணியில் ஓட்டை போடுகிற தொழில். "வாழ்க்கை முழுக்க ஓட்டை போட்டேன், இன்னைக்கு அடைக்கிறேன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஒரு தடவை ஊசி குப்பியைத் தாண்டி விரலில் ஏறியபோது "ஐயோ" என்றார். அது தமிழா கிரியோலா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. இரண்டிலும் வலி ஒன்றுதான்.

மலையில் என்ன கிடைக்கவில்லை என்று தங்கச்சி கேட்டாள். யோசிக்கவே இல்லை. "பிரேத் முரூம்" என்றார். முருங்கைக் கீரை. சிலாவோஸ் 1200 மீட்டர் உயரம், அந்தக் குளிருக்கு முருங்கை பிழைக்காது. மூன்று தடவை போத்து நட்டுப் பார்த்தாராம், மூன்றும் பட்டுப்போய்விட்டது.

பத்தரை மணிக்கு எங்களைப் போய்ப் படுக்கச் சொன்னார். காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் பை நாலாக மடித்துத் திண்ணை நாற்காலியில் இருந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தாரோ, வேண்டுமென்றே திறக்கவில்லையோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போல்ட் இல்லை. இரண்டு துளையும் அவற்றைச் சுற்றி உடைந்த கல்லும்தான் இருந்தன. அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அண்ணனின் கணுக்கால் போயிருந்தது. நாங்கள் நின்ற இடம் சந்து, மேலே ஹெலிகாப்டர் வந்தாலும் ஆளைத் தூக்க வழியில்லை. 14 மீட்டர் கீழே போனால் பள்ளம் விரிந்து வானம் தெரிகிற இடம். சரளைக்குப் பஞ்சமில்லை, புயல் கொண்டு வந்து குவித்திருந்தது. கைகளாலேயே அள்ளினோம். எனக்கு இன்னும் நகக்கண் வலிக்கிறது.

முதலில் தம்பி இறங்கினான், கீழே அண்ணனை ஏந்திக்கொள்ள ஆள் வேண்டுமே. அடுத்து அண்ணன். தங்கச்சி பைமேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ள, நான் கயிறை விட்டு விட்டு அவரை இறக்கினேன். 82 கிலோ. கயிறு இறுகியதும் பை ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்து நின்றது. அப்புறம் அசையவில்லை. தங்கச்சியும் போனபிறகு மேலே நான் மட்டும். மண்பையில் இறங்கும்போது எடை குறைந்த ஆள் கடைசியில் போக வேண்டும். பின்னால் உட்கார்ந்து அழுத்திப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். குதிக்காமல், ஆட்டாமல், பால் சட்டி தூக்குகிற மாதிரி விளிம்பைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது முகம் பையைப் பார்த்தபடி இருக்கும். அப்போது பார்த்தேன். வலது பக்கம் இரண்டு வரிசை, இடது பக்கம் இரண்டு வரிசை, மெழுகு போட்ட நூல், ஒவ்வொரு தையலும் நெல்மணி நீளம். இரண்டு பக்கமும் ஒரே வயசு. கீழே போய்ச் சேரும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை, சாமியைக்கூட.

மற்றவர்களுக்கு வருகிறேன். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய்த் தகவல் சொன்ன இரண்டு மலையேறிகளுக்கு, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. காற்று சுழன்ற அந்த இடத்தில் கம்பியில் இறங்கி வந்து, அண்ணனின் பேச்சைச் சிரித்தபடி கேட்டுக்கொண்டே காலைக் கட்டிய மலை மீட்புப் போலீசான ஜான்தார்ம்களுக்கு. இருட்டில் நானூறு வளைவும் ஏறி வந்து எங்களைக் கூட்டிப்போன கோயில் பொருளாளருக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கு, என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த சக ஆசிரியைகளுக்கு, ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்தவர்களுக்கு. ரசம் ஏழு வீட்டிலிருந்து வந்தது. அண்ணன் ஏழையும் ருசி பார்த்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார், அதை இங்கே வெளியிடமாட்டேன். அண்ணன் காலுக்கு அணையாக வைத்து ஹெலிகாப்டரில் போன அந்தப் பையைக் குப்பையில் போடாமல், அலசிக் காயவைத்து, மடித்துக் கொடுத்த நர்சுக்குத் தனியாக ஒரு நன்றி.

அண்ணனின் அம்மா ஊரிலிருந்து போனில் வேண்டிக்கொண்டிருக்கிறார், மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான் என்று. கால் சரியாக வேண்டுமே என்றால், "எடுப்பான்" என்கிறார். என் வேண்டுதல் சின்னது: துளைபோடும் கருவி இல்லாமல் இனி ஒரு ஆற்றுப் பள்ளத்திலும் கால் வைக்கமாட்டேன், கனம் என்ற சொல்லை இனி வாயில் எடுக்கமாட்டேன். தம்பியும் தங்கச்சியும் சாட்சி.

நர்ஸ் அலசியும் பையின் மடிப்பில் கொஞ்சம் கரும்மணல் மிச்சமிருக்கிறது. உதறவில்லை. தையலில் ஒரு இழைகூட அவிழவில்லை. அதைப் பாட்டியிடம் காட்ட வேண்டும், என்ன இழுத்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்றும் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். அண்ணனும் வருவேன் என்று அடம் பிடிக்கிறார், முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்வாராம். பணம் கொடுத்தால் பாட்டி கதவைத் திறக்கமாட்டார். யார் வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறதோ, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.