எந்தக் கோதுமை, எப்படி அரைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘ராத்திரி சோற்றை விட்டுக் கோதுமைக்கு மாறுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எந்தக் கோதுமை, எப்படி அரைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பரோட்டாவும் கோதுமைதானே ஐயா? வத்தலக்குண்டில் முப்பது வருஷமாக மாவு மில் நடத்துகிறவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மில்லுக்கு மாசம் தவறாமல் ஒரு அம்மா வருவார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ரேஷனில் அரிசிக்குப் பதிலாக வாங்கிய கோதுமையைக் கல் பொறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து எவர்சில்வர் தூக்கில் கொண்டுவருவார். "அண்ணே, நல்லா நைஸா ஓட்டுங்க" என்பார். கல்லை நெருக்கி வைத்து ரெண்டு ஓட்டு ஓட்டிக் கொடுப்பேன். ஒருநாள் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அதே மாவைச் சலித்துக்கொண்டிருந்தார். சல்லடையில் நின்ற செந்தவிடு அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போனது. கேட்டதற்கு, "சப்பாத்தி மெத்துனு வரணும்லண்ணே" என்றார். அந்த வீட்டில் நார்ச்சத்து முழுக்க மாட்டுக்குத்தான்.

ஒரு கோதுமை மணியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தவிடு. முளை ரெண்டு மூன்று சதவீதம். மீதியெல்லாம் வெள்ளை மாவு. தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு மீதியை நைஸாக்கினால் அதுதான் மைதா. முளையில் எண்ணெய் இருக்கிறது, அதனால் முழு மாவு சீக்கிரம் காறிப்போகும். மைதா மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடைக்காரருக்கு எது வசதி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தவிட்டோடு சாப்பிட்டாலும் கோதுமை ஒன்றும் மருந்து ஆகிவிடாது. நூறு கிராமில் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான். அரிசியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. கோதுமையில் புரதமும் நாரும் அதிகம் என்பது உண்மை. அதற்காக "சோறுதானே ஆகாது" என்று ஆறு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவோடு உள்ளே தள்ளினால் சர்க்கரை இறங்குமா?

அப்புறம், கோதுமை ‘வடக்கத்தித் தானியம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. எங்கள் அப்பா காலத்தில் கொடைக்கானல் மேல்மலைக் கோதுமை இதே மில்லில் ஓடியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை. கோதுமைக்குப் பூஞ்சையால் வரும் துரு நோயை ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா என்ற விஞ்ஞானி வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். வடநாட்டுச் சமவெளியின் கோடை வெயிலில் அந்தப் பூஞ்சை பிழைக்காது. குளிர்ச்சியான நீலகிரியிலும் பழனி மலையிலும் வளரும் கோதுமையில் தங்கி, பருவம் வந்ததும் காற்றில் ஏறி மத்திய இந்தியா வரை போகும். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது சும்மா இல்லை.

நம் சம்பா கோதுமையைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். சாதாரணக் கோதுமை கதிரடித்தாலே உமி உதிரும். சம்பாவில் உமி மணியை விடாது, இடித்துத்தான் பிரிக்கவேண்டும். மணி நீளமாக, செம்பழுப்பாக இருக்கும். எங்களிடம் அதை மாவாக்கக் கேட்பவர்கள் குறைவு, ரவையாக உடைக்கத்தான் கொண்டுவருவார்கள். அந்த உப்புமா பொலபொலவென்று வரும், மென்றுதான் தின்னவேண்டும். ஆனால் சிவப்பாக இருக்கும் எல்லாக் கோதுமைக்கும் ‘சம்பா’ என்று பேர் எழுதி விற்கிற காலம் இது. மணியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது ஒரே ஓட்டுதான். கல் தேய்ந்துவிட்டது, நைஸாக வராது என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன மாசம் வந்தபோது, "பாதி மாவு சல்லடையிலேயே நின்னுடுதுண்ணே" என்று குறைப்பட்டுக்கொண்டார். பெரிய கண் சல்லடையாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாவு மில்காரர்,
வத்தலக்குண்டு.