நோயாளி எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டுக் கிளினிக் கட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டத் தலைநகரங்களிலும் சிறு ஊர்களிலும் குடியிருந்த வீடுகளும் கடைகளும் கிளினிக்குகளாக மாறிவருகின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் அவற்றில் எதற்குள் போனாலும் ஒரே காட்சிதான். நாற்காலிகள் பாதி காலியாகக் கிடக்கும். டாக்டர் அறைக் கதவை ஒட்டிப் பத்துப் பேர் நிற்பார்கள். ‘கதவருகே நிற்காதீர்கள்’ என்று ஒட்டியிருக்கும் தாளுக்குக் கீழேயே நிற்பார்கள்.

மருத்துவக் கட்டட வடிவமைப்பில் வேலை செய்யும் எங்களுக்கு இதில் நோயாளிகள் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. எத்தனையாவது டோக்கன் உள்ளே போயிருக்கிறது, டாக்டர் இருக்கிறாரா, ஆபரேஷனுக்குப் போய்விட்டாரா என்ற எல்லாச் செய்தியும் அந்த ஒரு கதவிடுக்கில்தான் கிடைக்கிறது. டி.வி. சத்தத்தில் பெயர் கூப்பிடுவது பெரியவர்கள் காதில் விழாது. முறை போய்விடுமோ என்ற பயத்தில் கதவருகே வருகிறார்கள். எல்லா நாற்காலியிலிருந்தும் தெரியும் உயரத்தில் டோக்கன் எண் பலகையை மாட்டி, எண்ணைக் குரலிலும் சொல்ல வைத்து, டி.வி.யின் ஒலியை நிறுத்தினால் பாதிக் கூட்டம் தானாக உட்கார்ந்துவிடும். டாக்டர் வரத் தாமதமானால் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். கெட்ட செய்தியானாலும் தெரிந்துவிட்டால் மனிதர்கள் உட்காருவார்கள்.

எத்தனை நாற்காலி வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 10 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார்கள் என்றால் எந்த நேரத்திலும் ஹாலில் 15 நோயாளிகள் இருப்பார்கள். நம் ஊரில் யாரும் தனியாக வருவதில்லை. ஆளுக்கு ஒரு துணை என்று வைத்தாலே 30 நாற்காலி. நடைபாதையோடு சேர்த்து நாற்காலிக்கு 15 சதுர அடி போட்டால் 450 சதுர அடி ஹால் தேவை. எல்லாருக்கும் ‘சாயந்திரம் ஐந்து மணி’ என்று சொல்வதை விட்டுவிட்டு, அரை மணிக்கு ஐந்து டோக்கன் என்று நேரம் போட்டுக் கொடுங்கள். காத்திருப்பு அரை மணியாகக் குறைந்தால் 10 நாற்காலியும் 150 சதுர அடியும் போதும். வாடகைக்கு இடம் பிடிப்பதற்கு முன்பே டோக்கன் முறையைத் தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான்.

நாற்காலியையும் கவனிக்க வேண்டும். மூன்று பேர் உட்காரும் ஓட்டை போட்ட ஸ்டீல் பெஞ்சுகளில் பலவற்றுக்கு நடுவே கைப்பிடி கிடையாது. முட்டி வலிக்காரர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. சாதாரண நாற்காலியின் உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டர். அதில் நாலைந்தையாவது 50 சென்டிமீட்டர் உயரத்தில், இரு பக்கமும் கைப்பிடியோடு போட வேண்டும்.

அதைவிடப் பெரிய கேடு டாக்டர் மேஜையருகே போடும் வட்ட ஸ்டூல். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கைக்குத் தாங்கல் இல்லை, குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் எட்டாது. அதில் உட்கார வைத்துத்தான் பி.பி. பார்க்கிறார்கள். முதுகு சாயாமல், கால் தொங்கிக்கொண்டு, கை இதய மட்டத்துக்குக் கீழே இருந்தால் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மாடிப்படி ஏறி வந்த உடனே பார்த்தாலும் கூடும். கழிவறை பூட்டியிருப்பதால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கூடும். இந்த எண்ணை வைத்துத்தான் மாத்திரையை ஏற்றுவதா குறைப்பதா என்று முடிவாகிறது. பி.பி. பார்க்கத் தனி மூலை ஒதுக்குங்கள். ஆறடிக்கு ஐந்தடி போதும். சாய்மானம் உள்ள நாற்காலி, கை முழுவதும் படுத்துக் கிடக்கும் அளவுக்கு அகலமான மேஜை, கால் எட்டாதவர்களுக்கு ஒரு மணை, நர்ஸுக்கு ஒரு நாற்காலி. நோயாளி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். எடை மிஷினையும் அங்கேயே வைத்துவிடலாம். இப்போது அது ஹால் நடுவில் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பெண்ணின் எடையை நர்ஸ் உரக்கச் சொல்ல, நாற்பது பேர் கேட்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பெண் எடை பார்க்க மறுப்பாள்.

பேச்சு வெளியே கேட்பது எங்களை மிகவும் வருத்தும் விஷயம். ரிசப்ஷனில் கண்ணாடித் தடுப்பு போட்டு அடியில் சின்ன ஓட்டை விடுகிறார்கள். பணம் நீட்டத்தான் அது உதவும். பேச வேண்டுமானால் குனிந்து, சத்தமாக, ‘வெள்ளைப்படுதுங்க’ என்று ஒரு பெண் வரிசைக்கு முன்னால் சொல்ல வேண்டும். ரிசப்ஷனில் பெயர், வயது, போன் நம்பரோடு நிறுத்திவிட்டு, என்ன உடம்புக்கு என்பதை நர்ஸ் பி.பி. மூலையில் கேட்கட்டும். டாக்டர் அறையின் கதையும் இதுதான். ஏழடி உயரத்துக்கு அலுமினியமும் பிளைவுட்டும் சேர்த்துத் தடுத்து, மேலே திறந்து விட்டுவிடுவார்கள். ஒரே ஏ.சி. இரண்டு பக்கமும் குளிரட்டும் என்று நினைப்பு. குளிரோடு பேச்சும் தாண்டுகிறது. பொய்க்கூரைக்கு மேலே இடைவெளி விட்டாலும் பேச்சு தாண்டத்தான் செய்யும். தடுப்பு காங்கிரீட் தளத்தைத் தொட வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் இரு பக்கமும் பூசியிருந்தால் சிறப்பு. கண்ணாடிக் கதவைத் தவிர்த்துக் கெட்டியான பிளஷ் கதவு போட்டு, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

உள்ளே கட்டில் போடுவதில் பலர் தவறுகிறார்கள். நோயாளியின் வலது பக்கம் நின்று சோதிப்பதே டாக்டர்கள் படித்த முறை. இடத்தை மிச்சப்படுத்த வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டால் டாக்டர் இடது பக்கமிருந்து எக்கிக் கல்லீரலைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். தலையணையை மறுபக்கம் மாற்றிப் போட்டாலே பல அறைகளில் இது சரியாகிவிடும், செலவே இல்லை. கதவும் அப்படித்தான். வீட்டுக் கதவு சுவரோடு ஒட்டித் திறக்கும்; திறந்த உடனே அறை முழுக்கத் தெரியும். கீலை எதிர்ப்பக்கம் மாற்றினால் பாதி திறந்த கதவே கட்டிலுக்கு மறைப்பாகிவிடும். படுத்திருப்பவர் கண்ணுக்கு நேர் மேலே டியூப் லைட் வேண்டாம். பின்லாந்தில் பைமியோ காசநோய் மருத்துவமனையைக் கட்டி 1933-ல் முடித்த கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ, படுத்திருப்பவரின் கண்ணை வைத்தே அறையின் விளக்கையும் கூரையின் நிறத்தையும் தீர்மானித்தார். வாஷ் பேசினில் தண்ணீர் விழும் சத்தம் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பக் கூடாது என்று அதன் சரிவைக்கூட மாற்றினார். நம் அறைகளில் விளக்கை இரண்டடி தள்ளி மாட்டினாலே போதும்.

செருப்பு விஷயத்துக்கு வருகிறோம். டாக்டர் அறை வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றுவது நம் மக்களின் மரியாதை. ஆனால் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பதும் மருத்துவர்கள் சொல்வதுதான். உடைந்த ஊசி மருந்துக் குப்பியின் கண்ணாடித் துகள் குத்தினால் அவர்களுக்குத் தெரியாது, தெரியவரும்போது புண்ணாகியிருக்கும். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பலகை வைத்திருக்கும் கிளினிக் தன் நோயாளியின் காலுக்கே ஆபத்தை வரவழைக்கிறது. ஆபரேஷன் அறை போன்ற இடம் தவிர மற்ற இடத்தில் செருப்போடு வரலாம் என்று எழுதி வையுங்கள், ரிசப்ஷனிலும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். வாசலில் ஆறடி நீளத்துக்கு மிதியடி, எளிதில் துடைக்கக்கூடிய வழுக்காத டைல்ஸ், இரண்டு வேளை தரை துடைப்பு, இவை செருப்பின் அழுக்கைச் சமாளிக்கும். அப்படியும் கழற்றுபவர்கள் கழற்றுவார்கள். அவர்களுக்கு வழியை விட்டு ஒதுங்கிய அலமாரியும், உட்கார்ந்து மாட்ட ஒரு பெஞ்சும் வேண்டும். இல்லாவிட்டால் சாய்தளத்தின் தலைமாட்டில் செருப்புக் குவியல் கிடந்து வீல்சேரை மறிக்கும்.

சாய்தளம் என்ற பெயரில் கட்டியிருப்பவை பெரும்பாலும் பைக் ஏற்றப் போட்டவை. ஓரடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஒன்றரை அடி உயரத் தளத்துக்கு 18 அடி. நேராகப் போட இடமில்லையென்றால் ஒன்பது அடி ஏற்றி, ஐந்தடிச் சமதளம் விட்டு, திருப்பி ஒன்பது அடி ஏற்றலாம். மருத்துவ சேவை தரும் தனியார் கட்டடங்களையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொதுக் கட்டடமாகத்தான் கணக்கிடுகிறது.

கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; மயங்கி விழுந்தவர் உடம்பே உள்பக்கக் கதவை அடைத்துக்கொள்ளும். பையை மாட்ட ஒரு கொக்கி, சிறுநீர் டப்பாவை வைக்க ஒரு பலகை, கைப்பிடிக் கம்பி, இதெல்லாம் சில நூறு ரூபாய் வேலை. லேப் பக்கத்துச் சுவரில் ஓரடிக்கு ஓரடி சின்னக் கதவு வைத்துவிட்டால், டப்பாவைத் துண்டால் மூடிக்கொண்டு ஹாலைக் கடந்து போக வேண்டியதில்லை.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருமுபவரும் கைக்குழந்தையும் ஒரே மூடிய ஏ.சி. ஹாலில் ஒன்றரை மணி நேரம் உட்காருகிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடும். வெளிக்காற்று ஒரு லிட்டர்கூட எடுக்காது. புறநோயாளிப் பகுதியில் இயற்கைக் காற்றோட்டமானால் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்தால் கணக்குப் போட எளிது: இரண்டில் சிறிய திறப்பின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, விநாடிக்கு எத்தனை மீட்டர் காற்று வீசுகிறது என்பதால் பெருக்கி, அதை 650-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். மூன்றடிக்கு நாலடி ஜன்னல் 1.1 சதுர மீட்டர். அரை மீட்டர் வேகக் காற்றில் அது சுமார் 360 லிட்டர், அதாவது ஆறு பேருக்கு. ஆனால் இப்போது எல்லாரும் போடுவது ஸ்லைடிங் ஜன்னல். அது பாதிதான் திறக்கும். எனவே மூன்று பேருக்கு. கொசுவலை அதையும் குறைக்கும். முழுதாகத் திறக்கும் கீல் ஜன்னல் போட்டாலே காற்று இரட்டிப்பாகிறது. காற்று அசையாத நாளுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்; ஆனால் அதைத் திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் கதவு வழியே வந்த காற்று உடனே வெளியேறிவிடும், அறையின் மறுகோடி அப்படியே தேங்கி நிற்கும். டாக்டர் அறையில் காற்று டாக்டர் பக்கமிருந்து நோயாளி பக்கமாகப் போய் வெளியேற வேண்டும். காய்ச்சல், இருமல்காரர்களுக்கு முன்பக்கத் தாழ்வாரத்தில் நிழலும் ஃபேனும் போட்டு நாற்காலி போட்டால் அதைவிடச் சிறந்த காத்திருப்பிடம் கிடையாது. ஆனால் டோக்கன் பலகை அங்கிருந்தும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இருமிக்கொண்டே கதவுக்கு வந்துவிடுவார்கள்.

ஊழியர்களை யாரும் வரைபடத்தில் வரைவதில்லை. நர்ஸ் ஊசி போடும் இடத்துக்கும் பயன்படுத்திய ஊசியை எறியும் வெள்ளைப் பெட்டிக்கும் நடுவே பத்தடி இருந்தால், அந்தப் பத்தடியை நடக்கும் முன் ஊசிக்கு மூடி போடுவார். அப்போதுதான் விரலில் குத்திக்கொள்வார். பெட்டி கை நீட்டும் தூரத்தில் இருந்தால் மூடி போடத் தோன்றாது. வாஷ் பேசின் உள்கழிவறையில் இருந்தால் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் யாரும் எழுந்து போய்க் கை கழுவ மாட்டார்கள். மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே பேசின், கட்டில் தலைமாட்டில் கை தேய்க்கும் மருந்து என்று வைக்க வேண்டும். சாப்பிட இடமில்லாத கிளினிக்கில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குள் போகும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஃபிரிட்ஜ் நாள் முழுக்கத் திறந்து மூடப்படும். நர்ஸைத் திட்டிப் பயனில்லை. எட்டடிக்கு ஆறடியில் கதவும் ஃபேனும் பூட்டும் அலமாரியும் உள்ள ஓர் அறையும், ஒரு சின்ன ஃபிரிட்ஜும் கொடுங்கள். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே 2021-ல் திருத்தப்பட்டது. ரிசப்ஷனிலும் உள்ளேயிருக்கும் மெடிக்கலிலும் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு யோசனை. சுவர் எழுப்பும் முன் காலி இடத்தில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டு, கட்டிலும் மேஜையும் நிஜமாக வைத்து, ஒரு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வாசலிலிருந்து கழிவறை வரை போய்ப் பாருங்கள். நர்ஸையும் துப்புரவுப் பணியாளரையும் கூப்பிட்டு நடக்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கோட்டை அழித்து மாற்ற ஈரத்துணி போதும்.

மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கிளினிக்குகளைப் பதிவு செய்யும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கு வரும்போது சான்றிதழ்களோடு சேர்த்துச் சாய்தளத்தின் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், ஏ.சி. ஓடும் ஹாலில் எத்தனை ஜன்னல் உண்மையில் திறக்கிறது என்று திறந்து பாருங்கள். டாக்டர் அறையில் பேசுவது முதல் வரிசை நாற்காலியில் கேட்கிறதா என்று உட்கார்ந்து கேளுங்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகாது.

இப்படிக்கு,
மருத்துவக் கட்டட வடிவமைப்பில் பணிபுரியும் பொறியாளர்கள்,
தஞ்சாவூர்.