பைபர்கிளாஸ் காருக்கு விற்ற பெயின்ட் ரிமூவர் பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் இதை எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருப்பி எடுக்கிறோம்" என்று வைத்துவிடுகிறார். இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

என்னுடையது வோக்ஸ்வாகன் பீட்டில் சேஸியின் மேல் பைபர்கிளாஸ் பாடி ஏற்றிய பழைய பகி (buggy) கார். உங்கள் பஞ்சிகாவத்தைக் காட்சியறையில் எதையும் வாங்குவதற்கு முன்பே இதைத் தெளிவாகச் சொன்னேன், போனில் படமும் காட்டினேன். வீட்டில் வைத்து நானே பெயின்ட் அடிக்கப் போகிறேன், பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன, எது பாதுகாப்பு என்றும் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பெயின்ட் ரிமூவர், ப்ரைமர், 2கே பெயின்ட், அதை இறுக வைக்க அதோடு கலக்கும் ஹார்ட்னர், தின்னர் என்று அடுக்கினார். "இது எந்தக் காருக்கும் போடலாம் ஐயா" என்றார். விற்கிறவருக்குத் தன் சாமான் தெரியும் என்றுதானே வாங்குகிறவன் நம்புவான்?

ரிமூவரைப் பூசிய கொஞ்ச நேரத்தில் பழைய பெயின்டோடு சேர்ந்து அடியில் இருந்த ஜெல்கோட்டும், அதாவது பைபர்கிளாஸின் வழவழப்பான மேல் பூச்சும், அப்பளம்போலப் பொங்கி வந்தது. சுரண்டிய இடத்தில் கண்ணாடி நார் தெரிகிறது. அந்த ரிமூவரில் இருப்பது டைகுளோரோமீதேன். தகட்டின் மேலுள்ள பெயின்டை அது கழற்றும், தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. பைபர்கிளாஸில் நாரைப் பிடித்து வைத்திருப்பது பிசின். பெயின்டை இளக்கும் மருந்து அந்தப் பிசினையும் இளக்கிவிடும். உள்ளே ஊறிய மிச்சம் பிறகு புதுப் பெயின்டுக்குக் கீழிருந்தும் கொப்புளம் கிளப்பும். இதை எனக்கு விளங்கப்படுத்தியது உங்கள் கம்பனி இல்லை, முகத்துவாரத்தில் பைபர்கிளாஸ் படகு திருத்தும் ஒரு பாஸ். முதலில் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தெடுத்துவிட்டு, அதன் பிறகே 320 நம்பர் சாண்ட் பேப்பரால் தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்க வேண்டுமாம். நார் வெளியே வரும் அளவுக்குப் போகக் கூடாது. நன்றாகக் காயவிட்டு எபொக்சி ப்ரைமர். ரிமூவர் பக்கமே போகக் கூடாது. இதைச் சொல்ல உங்களிடம் ஒருவர்கூட இல்லையா?

இருந்த ஒருவரும் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் போனை எடுத்தவர், பெயர் கேட்டேன், சொல்ல மறுத்தார். "பைபர்கிளாஸ் என்றால் பிளாஸ்டிக்தானே, பிளாஸ்டிக் கதிரைக்கு அடிக்கிற பெயின்டை அடித்திருக்கலாமே" என்றார். நான் விளங்கப்படுத்தப் போனால், "பைபர்கிளாஸில் எல்லாம் கார் செய்வார்களா அங்கிள்?" என்று சிரித்தார். அமெரிக்காவில் கோர்வெட் காரை 1953இலேயே பைபர்கிளாஸ் பாடியோடு விற்கத் தொடங்கிவிட்டார்கள். கார் பெயின்ட் விற்கும் கம்பனிக்கு இது தெரியாதா? கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தார். இந்த வயதில் எனக்கு அப்படி ஓர் அவமானம் வேறு யாராலும் நடந்ததில்லை.

அதற்கு முன்பு இரத்மலானைக்கு வேறு அலையவிட்டீர்கள். "சாமானோடு களஞ்சியத்துக்குப் போங்கள், பரிசோதிப்பார்கள்" என்று உங்கள் ஹொட்லைனில் சொன்னதால்தான் போனேன். காலி வீதி நெரிசலில், கொளுத்தும் வெயிலில், ஓட்டோவில், பேணியைக் காலடியில் வைத்துக்கொண்டு. செக்யூரிட்டி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "இங்கே வாடிக்கையாளர்களைப் பார்ப்பதில்லை, வாங்கிய இடத்துக்குப் போங்கள்." சரி, வாங்கிய இடத்துக்குப் போனால், "திறந்த பேணியைத் திருப்பி எடுக்க மாட்டோம்." திறக்காமல் எப்படித் தெரியும் அது காரை அழிக்கும் என்று?

மாஸ்க் பற்றி இன்னும் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் அதுதான். ஹார்ட்னரோடு உங்கள் ஆள் தந்தது சாதாரணத் துணி மாஸ்க். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது அது நெஞ்சுக்குள் போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் இழுப்பு வரும். மணத்தை வைத்து ஆபத்தை அறியவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் கவசம் போட்டு அடிக்க வேண்டிய பெயின்டை, சுவரோடு சுவர் ஒட்டிய ஒழுங்கையில் வீட்டுக்குள் அடிக்கச் சொல்லித் தந்திருக்கிறீர்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜெல்கோட் பொங்கியதால் ஸ்ப்ரே வரை போகவில்லை. போயிருந்தால் யார் பதில் சொல்வது? ஐசோசயனேட் இல்லாத பெயின்ட் உங்களிடம் உண்டா என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

பேணியில் எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில். உதவிக்கு வந்த பையனுக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். அவனுடைய நெஞ்சும் நெஞ்சுதானே.

உங்களோடு சண்டை பிடிப்பது என் நோக்கமில்லை. பல காலமாக உங்கள் பெயின்டைத்தான் வாங்கி வருகிறேன். கொடுத்த பணம் முழுவதையும், பாடியைத் திருத்தும் செலவையும் தாருங்கள். எந்தச் சாமான் பைபர்கிளாஸுக்கு ஆகும், எது ஆகாது, எந்தக் கவசம் வேண்டும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கவுன்டரில் வையுங்கள். போனை வைத்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆயுள் முழுக்கச் சேர்த்தது ஒரே பின்னேரத்தில் போன மனிதன் கேட்கிறேன்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. போனில் இழுத்தடித்து அதை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருக்கிறது.

பற்றுச்சீட்டின் பிரதியும் படங்களும் இத்துடன் உள்ளன. தயவுசெய்து எழுத்திலேயே பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்